இன்னும் ஒன்று பார்த்துவிட்டு

மனிதர்களில் ஒரு இனம் உண்டு. ஒரு வேலையைத் தொடங்குமுன், அதே வேலையை உலகத்தில் வேறு யார் யார் எப்படி எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று முழுவதும் பார்த்துவிட வேண்டும் என நினைக்கிற இனம். இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம். கண் சிவக்கப் பார்ப்பார்கள், விரல் தேயத் தள்ளுவார்கள், பார்த்ததில் பிடித்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து அடுக்கி வைப்பார்கள், அடுக்கியதை அடுத்த வாரம் வேறு விதமாக அடுக்குவார்கள். தொடங்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

எல்லாத் தொழிலிலும் இந்த இனம் இருந்தாலும் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவர்களிடம்தான் அது தழைத்து வளர்கிறது. நீங்கள் செய்தால் அதற்குப் பெயர் போனை நோண்டுவது. அவர்கள் செய்தால் ரெஃபரன்ஸ். பெயர் கிடைத்துவிட்டால் எந்தக் குற்றமும் தொழிலாகிவிடுமே!

குமரிக் கடற்கரை ஊரான இனயத்து லிஜினை எடுத்துக்கொள்ளுங்கள். மரியான் – கிரேசி தம்பதிக்கு ஒரே மகன். மரியான் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். லிஜின் மாடி அறையில் இன்டர்நெட்டுக்குப் போகிறவன். தகப்பன் போனால் மீனோடு திரும்பிவிடுவார். மகன் திரும்புவதில்லை. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல், மாதா கோயில் பெருநாள் நோட்டீஸ், டியூஷன் சென்டர் போர்டு, கருவாட்டுப் பாக்கெட்டின் லேபிள் என்று வருகிற வேலைகளை வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறான். கொடுக்கிறான் என்பதைக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டது போலத் தோன்றுகிறது. கொடுப்பதாக இருக்கிறான்.

அவனுடைய காலை எப்படித் தொடங்கும் தெரியுமா? பாலில்லாத கட்டஞ்சாயாவை மேசையில் வைத்துக்கொண்டு, கருவாட்டு லேபிளுக்காகப் பின்ட்ரெஸ்ட் என்கிற படத் தளத்தைத் திறப்பான். கருவாட்டிலிருந்து யாரோ ஒரு நார்வேக்காரன் செய்த மீன் டப்பா வரும். டப்பாவிலிருந்து போர்ச்சுக்கல் நாட்டு ஓடு வரும். ஓட்டிலிருந்து அந்த ஓடு பதித்த ஒரு குளியலறையும், குளியலறையிலிருந்து அங்கே ஜன்னலில் படுத்திருக்கும் ஒரு பூனையும் வரும். பூனையின் நிறம் அபாரம். ஒரு படத்தைக் கொடுத்தால் அதிலுள்ள நிறங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத் தருவதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. அதில் பூனையைக் கொடுப்பான், நிறங்களை வாங்குவான், அவற்றுக்கு 'மாலைப் பூனை' என்று பெயரிட்டுச் சேமிப்பான். அதற்குள் கீழே சோறு எடுத்து வைத்திருப்பார்கள். கருவாடு? அது எங்கே போய்விடப் போகிறது?

இலவச எழுத்துருக்கள் கிடைக்கும் தளங்களெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இறக்கி வைத்திருக்கிற எழுத்துருக்களை வைத்து இனயத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்று என்று விநியோகிக்கலாம்; பக்கத்து ஊருக்கும் மிஞ்சும். எதையும் பிரித்துப் பார்த்ததில்லை. மேலைநாட்டு டிசைனர்கள் எழுதும் மின்மடல்களுக்குச் சந்தாதாரன். 'தொடங்கத் தயங்குகிறீர்களா?' என்ற தலைப்பில் ஒரு வீடியோ பார்த்தான். மிகவும் பிடித்துப்போய், முழுவதும் பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைத்தான். மண்டைக்காட்டுக் கொடைவிழாவுக்குப் போனால் எல்லோரும் அம்மனைப் பார்ப்பார்கள், வளையல் வாங்குவார்கள். இவன் வளையல் கடையின் தார்ப்பாயைப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவான். கேட்டால், "அந்த நீலத்தப் பாருங்க" என்பான்.

இதெல்லாம் அம்மாவுக்குப் புரியவில்லை என்று அவனுக்கு ஒரு வருத்தம். கிரேசிக்கு எல்லாம் நன்றாகவே புரிந்திருந்தது.

"மக்கா, அந்தக் கருவாட்டுக்காரன் ரெண்டு பிராவசியம் வந்துட்டுப் போனான் கேட்டியா."

"செய்யுதேன்மா. ரெஃபரன்ஸ் பாத்துட்டு இருக்கேன்."

"கருவாடு பாக்கணுமுண்ணா அடுக்களைக்கு வா. கம்ப்யூட்டர்ல என்ன கருவாடு?"

இது வரைக்கும் நாமும் சிரிக்கலாம். கருவாட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார், உலகம் நின்றுவிடவில்லை. ஆனால் லிஜினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் குழித்துறைக்காரி, ஷிஜி. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வந்த ரத்தத்துக்கு மத்தியானம் பதில் சொல்லியாக வேண்டிய தொழில். நிச்சயத்தன்று பெரியவர்கள் கார்டு எங்கே அடிப்பது என்று பேச ஆரம்பித்ததும் லிஜின் எழுந்து நின்று, "கார்டு நான் செய்யுதேன்" என்றான். எல்லோருக்கும் பெருமை. ஷிஜிக்குக் கூடுதல் பெருமை. அவள் அதுவரை அவனிடம் வேலை கொடுத்தவளில்லை அல்லவா?

ஷிஜிக்குத் தகப்பன் இல்லை. அண்ணன் ஜெஸ்பின்தான் எல்லாம். குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள ஆசை. அவர்கள் கம்பெனியில் தங்கைக்குக் கல்யாணம் என்று வாயால் சொன்னால் லீவு கிடைக்காது. இல்லாத தங்கைகளுக்கெல்லாம் நம் ஆட்கள் கல்யாணம் நடத்திவிட்டதால், அடித்த கார்டைக் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஆகவே ஷிஜி லிஜினிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கார்டு மட்டும் நேரத்துக்கு வேணும். அண்ணன் வரணும்."

"அதப்பத்தி நீ வெப்ராளப்படாத" என்றான் லிஜின். உண்மையாகத்தான் சொன்னான். இந்த இனத்தார் பொய் சொல்வதில்லை.

அன்று மாலையே வேலை தொடங்கியது. அதாவது 'கல்யாணம்' என்று ஒரு புதிய தொகுப்பு தொடங்கியது. ஜப்பானியக் காகிதம், இத்தாலிய மெழுகு முத்திரை, யாரோ ஒரு பாரிஸ் தம்பதி காய்ந்த இலையில் அச்சடித்த அழைப்பு. தொகுப்பு பெருத்துவிட்டதால் 'கல்யாணம் – முக்கியம்' என்று இன்னொன்று. அதுவும் பெருத்ததால் 'கல்யாணம் – ரொம்ப முக்கியம்'. பிறகு எழுத்துருத் தேடல். 'ஷிஜி' என்ற பெயரைக் கௌரவமாகத் தாங்கக்கூடிய ஓர் எழுத்துரு உலகத்திலேயே இல்லையென்று கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் ஆனது.

பங்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் பெண் மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் எல்லோரும் கேட்க அறிவிப்பதுதான் ஓலை. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். பூசை முடிந்து வெளியே வந்ததும் சனம் ஆட்சேபணை சொல்லத் தொடங்கியது. "கிரேசி, கார்டு ஒண்ணும் வரல்லியே? நாங்க வேண்டாத ஆட்களா?" கார்டைக் கையில் கொடுத்து அழைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கூட ஜன்னல் வழியாகத்தான் கல்யாணத்தைப் பார்ப்பார் என்கிற ஊரில், கிரேசி வாய்க்கு வந்த சமாதானத்தையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே, கார்டு என்னாச்சு?"

"ஒண்ணு ரெண்டு பாத்துட்டுத் தொடங்குதேன்மா."

ஷிஜி போனில் கேட்டபோது பதில் சற்று விரிவாக வந்தது. அவன் அவளுக்குக் கார்டு அனுப்பவில்லை. கார்டுக்கான உத்வேகத்தை அனுப்பினான். மொராக்கோ நாட்டு வாசற்கதவு ஒன்று, மழையில் நனைந்த சிமென்ட் சுவர் ஒன்று, ஒரு கிண்ணம்.

"இது என்னது?"

"மூட் போர்டு. கார்டப் பாத்தா இந்த உணர்வு வரணும்."

"எனக்கு இப்பம் வேற உணர்வு வருகு" என்றாள் ஷிஜி. "அண்ணன் டெய்லி கூப்பிட்டுக் கேக்குதான். லீவு எழுதிக் குடுக்க நாள் தாண்டிட்டு வருகு. நீங்க செய்யல்லண்ணா செய்யல்லண்ணு சொல்லிருங்க."

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த ஞாயிறு மத்தியானம் லிஜின் நிஜமாகவே பயந்துபோனான். ஒருவேளை அவனுடைய வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு எதையும் திறக்கவில்லை. கார்டு முடிந்தது.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மங்கிய வெள்ளை. அந்த வெள்ளையின் ஒரு மூலையில் எறும்பு போல இரண்டு எழுத்துகள், 'லி', 'ஷி'. அதற்குக் கீழே தேதி, அதுவும் புள்ளி வைத்து. தகப்பன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை, கோயில் பெயர் இல்லை, மணி இல்லை, மாதா படம் இல்லை. தாய்மாமன்கள் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் இருக்கிற நாட்டின் பெயரைப் போடுவது இந்தப் பகுதியில் சட்டம் போன்றது; அந்த மாமன்களும் இல்லை, நாடுகளும் இல்லை. ஏன் என்று கேட்டால் வெற்றிடம் பேச வேண்டுமாம். மிச்சத்தை யார் பேசுவது?

ஜெஸ்பின் அதைப் போனில் அவசரமாக வாங்கி, அங்கேயே அட்டையில் அச்சடித்துக் கம்பெனி மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினான். மேனேஜர் அதைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார், "இது என்ன, சென்ட் கம்பெனி விளம்பரமா?" என்று கேட்டார். எவன் தங்கை, எந்த ஊர், எந்தக் கோயில், ஒன்றுமில்லையே. லீவு இல்லை என்றுவிட்டார்.

அண்ணன் இதைப் போனில் சொன்னான். ஷிஜி போனை வைத்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, குழித்துறையில் ஆன்ட்ரூஸ் நடத்துகிற பிரஸ்ஸுக்குப் போனாள். லிஜின் நண்பர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போக வேண்டிய இடம் என்று சொல்லுகிற பிரஸ்.

ஆன்ட்ரூஸ் ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். "பாத்து எடு மக்கா, ஒருபாடு மாடல் உண்டு."

ஷிஜி ஆல்பத்தைத் திறக்கவில்லை. "மாமா, பேரெல்லாம் வேணும், கோயில் வேணும், மணி வேணும். மேல அட்டையில இருக்கிய மாடலே போதும்."

ஆன்ட்ரூஸுக்கு ஆச்சரியம். முப்பது வருஷத் தொழிலில் அந்த ஆல்பத்தைப் புரட்டாமல் எழுந்தவள் இவள்தான். மாலைக்குள் கார்டு தயார். சிவப்பு. நடுவில் தங்க ஜிகினாவில் இரண்டு இதயங்கள், மேலே வேளாங்கண்ணி மாதா, இரு பக்கமும் புறா. தாத்தாக்கள், பாட்டிகள், சவுதி மாமா, கத்தார் மாமா, பொடிசுகள் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். தொட்டால் ஜிகினா விரலில் ஒட்டியது. அதன் போட்டோவைப் பார்த்த குவைத் மேனேஜருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இது கல்யாணம்தான் என்பதில் சந்தேகம் வரவில்லை. உடனே கையெழுத்துப் போட்டார்.

லிஜினிடம் அவள் அந்தக் கார்டை நீட்டியபோது அவன் புறாக்களைப் பார்த்து முகம் சுளித்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இதுலயா என் பேரு?"

"உங்க பேரு மட்டுமில்ல, எங்கண்ணன் பேரும் இருக்கு" என்றாள் ஷிஜி. "வேண்டாமுண்ணா இப்பமே சொல்லுங்க. மூணாம் ஓலை இன்னும் வாசிக்கல்ல."

அவன் கார்டை மூடினான். கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும், "நீயே செய்தியா மக்கா? நல்லாருக்கு" என்றார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை பாவமன்னிப்பு வழங்கும் எந்தச் சாமியாராலும் கொடுத்திருக்க முடியாது.

கல்யாணத்தன்று ஷிஜி ஜெஸ்பினின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றாள். ஜெஸ்பினுக்கு அழுகையை அடக்கத் தெரியவில்லை. அவள்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று சொல்ல வேண்டும். லிஜின் பீடத்தருகே நின்று அதைப் பார்த்தான். இந்த நடை நின்றுபோயிருக்கும், தன்னால்தான் நின்றுபோயிருக்கும் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. நடந்துவிட்டதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. அதே நேரத்தில், உயர ஜன்னல் வழியாக வெயில் அவள் முக்காட்டின் மேல் விழுந்ததையும் அவன் கண் கவனித்தது. என்ன ஒரு வெளிச்சம்! கை தானாகப் பாக்கெட்டில் போனைத் தேடியது.

ஷிஜி பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் சொன்னாள். "கைய வெளிய எடுங்க. இதயெல்லாம் சேவ் பண்ண முடியாது."

கையை மட்டும் எடுத்தான்.

சிரித்தாயிற்றா? நல்லது, நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் டிசைனர் இல்லை, உங்களுக்கும் இதற்கும் என்ன? நீங்கள் எடுத்து வைத்திருப்பதெல்லாம் சமையல் வீடியோக்கள், முதுகுவலிக்கு உடற்பயிற்சிகள், கட்டப்போகிற வீட்டின் படிக்கட்டு மாதிரிகள், எழுதப்போகிற புத்தகத்துக்குக் குறிப்புகள், அவ்வளவுதானே? இந்தக் கட்டுரையைக்கூட, தெரிந்த ஒரு ஆளுக்குப் பொருத்தமாக இருக்கிறது, பிறகு அனுப்பலாம் என்று போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். தப்பில்லை. உங்களுக்காக யாராவது ஒருவர் லீவு கேட்க முடியாமல் எங்கேயாவது காத்து நிற்கிறாரா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்.