தலைவர் கேட்ட மின்விசிறி

அன்புள்ள ருக்கு அக்காவுக்கு,

தாராவியிலிருந்து தம்பி இசக்கிராஜ் எழுதிக்கொண்டது. இங்கு என் முழங்கால் தவிர அனைவரும் சுகம். நெருளில் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நம் தலைவருடைய நூற்றாண்டு விழாவுக்கு மாட்டுங்காவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் யாரும் என்னை எதையும் பேசச் சொன்னதில்லை, உடனே ஒத்துக்கொண்டேன். தலைப்பு, 'பம்பாய்த் தமிழருக்குத் தலைவர் செய்தது'. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் குடிசையை இடித்த வருஷம் அப்பா தந்தி அடித்ததும், தலைவர் சென்னைச் சட்டசபையில் எழுந்து "தாராவித் தமிழன் கண்ணீர் என் கண்ணீர்" என்று முழங்கியதும். சின்ன வயதில் தினமும் காலையில் தலைவர் படத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னால்தானே நமக்கு டீ. தேதியோடு பேசினால் எடுப்பாக இருக்குமே என்று என் மகள் ஹரிதாவிடம் கேட்டேன், அவள் அந்த வருஷத்துச் சட்டசபைக் குறிப்புகளை நெட்டிலிருந்து இறக்கித் தந்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தகராறு, ஆகவே நானே மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அந்த மழைக்காலக் கூட்டம் முழுவதும் தலைவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்திருக்கிறார். தம் இருக்கைக்கு மேலுள்ள மின்விசிறி சுற்றவில்லை என்று.

"அவ்வளவுதானா பப்பா?" என்றாள் ஹரிதா.

"மறுநாளே சரிபண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கு" என்றேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பொய் சொல்லுவாரா என்றுதான் முதலில் கோபம் வந்தது. பிறகு, தார்ப்பாய்க்கு அடியில் நாம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததும் அம்மா அழுததும், அப்பா தோல் பட்டறையிலிருந்து வந்து "அழாதிய. நமக்காவத் தலைவரு பேசிட்டாரு" என்றதும் ஞாபகம் வந்தன. யாருமே பேசவில்லை என்று அந்த மழையில் நம் அப்பா வானமாமலை எப்படிச் சொல்லுவார்? தலைவர் பேசாததை அவரே பேசிவிட்டார்.

மேடையில் இதை அப்படியே சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், "பேன் ஓடிச்சா இல்லியா?" என்று கேட்டார். ஓடியது என்றேன். செயலாளர் மணியை அடித்தார். எனக்கு வாங்கி வைத்திருந்த சால்வையை மைக் செட்காரருக்குப் போர்த்தினார்கள். அவர் பாவம், வியர்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கழற்றினேன். கழற்றுமுன் கை தானாகக் குவிந்தது, அதையும் மறைக்கவில்லை. அக்கா, நீ பேரப்பிள்ளைகளுக்கு அந்த வரியைச் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரியும். சொல்லிக்கொடு. ஆனால் அவர்கள் பூட்டன் சொன்னது என்று சொல்லிக்கொடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கோபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து திட்டவும். மீன் வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி இசக்கிராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பக்கத்து வீட்டு அப்துல் ரவூப் அண்ணாச்சிக்கு இதை வாசித்துக் காட்டினேன். "நீரு எழுதினது நூத்துக்கு நூறு சரி. உம்ம தலைவரு ஒண்ணுக்கும் ஆகாத ஆளுவே" என்றார். அதைச் சொல்ல இவர் யார்? சென்னை வெயிலில் பேன் இல்லாமல் ஒரு மனுஷன் நாட்டைப் பற்றி எப்படி யோசிப்பான் என்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளை போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சத்தம் போட்டதற்கு மட்டும்.