சேத்துக் கலெக்டரின் அரை மணி நேரம்

வெள்ளம் வந்தால் எப்படி ஓடுவது என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் உண்டு. ஓடிப் போனவன் எப்படித் திரும்பி வருவது என்று யோசித்த ஒரே ஜீவன், இந்தக் காவிரிக் கரை முழுக்கத் தேடினாலும், எங்கள் தெரு சேத்துக் கலெக்டர்தான்.

கலெக்டர் என்றதும் காரையும் டவாலியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் விசைத்தறி ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர். கிரீஸ் படிந்த லுங்கி, கையில் ஸ்பானர், காதில் பென்சில். மேட்டூர் அணை நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால், எங்கள் ஆற்றோரத் தெருவில் காவிரி வீடு வீடாக வந்து இரண்டு நாள் தங்கும். போகும்போது முழங்கால் ஆழத்துக்குச் சேற்றை விட்டுவிட்டுப் போகும். அந்தச் சேற்றுக்குத் தன்னைத் தானே கலெக்டராக நியமித்துக்கொண்டவர் அவர்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வெள்ளத்தில் அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்து அழுதோம். அழுது முடிப்பதற்குள் தறிகள் துருப்பிடித்துவிட்டன. ஐந்து குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனவை, திரும்பவே இல்லை. அந்த ஐந்து பூட்டுகளையும் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் மனிதர் இப்படி ஆகிவிட்டார். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, தெருவுல நானும் நாயுந்தான் சாமி மிஞ்சுவோம்" என்பார்.

ஒரு தடவை தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து, காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதப்பது எப்படி என்று செய்து காட்டினார். தெருவே கைதட்டியது. கலெக்டர் மட்டும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, ஓடறது எங்களுக்குத் தெரியுமுங்க. தண்ணி வந்தா கோழிகூட ஓடுமுங்க. நாலாம் நாள் காலைல ஊட்டுக் கதவத் தொறந்தா மொதல்ல என்னத்தப் பண்றதுன்னு சொல்லுங்க."

அதிகாரி குடத்தைக் கழற்றாமலே ஜீப்பில் ஏறினார். அன்று சாயங்காலமே கலெக்டர் நூற்றி அறுபது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டார்.

முதல் திட்டம், நம்பர். தெருவில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் பெயிண்டில் நம்பர் போட்டார். ஒன்பதாவது வீட்டு ஃபிரிட்ஜ் என்றால் 9/1. மிதந்து போனாலும் வீடு தேடித் திரும்பி வந்துவிடுமாம். அந்த ஒன்பதாவது வீடு சரசக்காவுடையது. அவர் மகளைப் பெண் பார்க்க இளம்பிள்ளை ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா காபி குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். 9/14. குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். 9/6. சுற்றும் முற்றும் பார்த்தவர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, எல்லாமே வாடகைச் சாமானுங்களா?"

சரசக்கா வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்றிருந்த கலெக்டர் உள்ளே நுழைந்துவிட்டார். "வாடகையெல்லாம் இல்லீங்க, அத்தனையும் சொந்தமுங்க! ஆத்துல போனா அடையாளம் வேணுமில்லீங்களா?"

"ஆத்துல எதுக்குங்க போவுது?"

"ஊட்டுக்குள்ள ஆறடி தண்ணி வருமில்லீங்க" என்று கையை உயர்த்தி அளவும் காட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தொடவில்லை. அந்தச் சம்பந்தம் அதோடு சரி. சரசக்கா ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, அவர் வாசலில் நின்று திட்டத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவார்.

அடுத்தது கமிட்டிகள். சேறு கமிட்டி, தறி கமிட்டி, சமையல் கமிட்டி. பாம்புக் கமிட்டிக்குத் தலைவர், கயிற்றைப் பார்த்தாலே கட்டிலில் ஏறிவிடும் பழனிசாமி. ஏன் இவர் என்று கேட்டதற்கு, "பயப்படறவன்தான் சாமி மூலை மூலையாப் பாப்பான்" என்றார். எனக்குக் கொடுத்த பதவிதான் விசித்திரம். அழுகை கமிட்டி. திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம் அழலாம். கடிகாரம் பார்த்து நான் விசில் ஊத வேண்டும். ஊதியதும் மண்வெட்டி.

"அழுவாம இருக்க முடியாது சாமி. ஆனா அதுக்கும் ஒரு டைம் வேணுமில்ல?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஒத்திகைக்குச் சேறு வேண்டுமே? ஏரியிலிருந்து ஒரு டிராக்டர் வண்டலை அள்ளி வந்து என் கடைக்குள் கொட்டிவிட்டார். ஜெராக்ஸ் மெஷினை முன்னாடியே வெளியில் எடுத்து வைத்திருந்தார், அந்த அளவுக்கு மகராசன். தெருவே மூட்டை முடிச்சோடு கல்யாண மண்டபம் போய், சாப்பிட்டு, திரும்பி வந்து அழ ஆரம்பித்தது. பொய்யாக ஆரம்பித்த சரசக்காவுக்கு நடுவில் நாத்தனார் செய்த அநியாயமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நிஜமாகவே அழுதார். நான் விசில் ஊதினேன். நிற்கவில்லை. மறுபடி ஊதினேன். "போடா, நாஞ் சொல்ல வந்ததுல பாதிகூட ஆவல" என்று என் விசிலைப் பிடுங்கி எறிந்தார். இந்தக் கலாட்டாவில் யாரும் அள்ளாமல் விட, இரண்டே நாளில் வண்டல் தகரக் கூரைச் சூட்டில் காய்ந்து கல்லாகிவிட்டது. நானும் அவரும் மூன்று நாள் கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தோம். கலெக்டர் மட்டும் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டார்: 'சேறு காய்வதற்குள் அள்ள வேண்டும்.'

பிறகு வெள்ளம் நிஜமாகவே வந்தது. நகராட்சி ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டு போனது, மண்டபத்துக்குப் போனோம், நாலாம் நாள் தண்ணீர் வடிந்து திரும்பி வந்தோம். அழுவதற்கான அரை மணி நேரத்தில் எவருக்கும் அழுகை வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துத் தொலைத்தோம். நோட்டில் இருந்த வரிசைப்படி, கைக்குழந்தை உள்ள வீடு முதலில், படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வீடு அடுத்து என்று, நாற்பது பேர் ஒரு வீட்டுக்குள் இறங்கி ஈரச் சேற்றை வாரித் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். பின்னாலேயே தறி கமிட்டி கழுவி எண்ணெய் போட்டது. பாம்புக் கமிட்டி நாலைப் பிடித்தது, தலைவர் நாலு தடவை மயங்கினார். மூன்று தெரு தள்ளி முருங்கை மரத்தில் மாட்டியிருந்த 9/1 ஃபிரிட்ஜை யாரோ தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வேலை தொடங்கிய ஐந்தாவது நாள் மத்தியானம் கலெக்டர் நோட்டை மூடினார். "நாப்பத்தியொரு ஊடும் முடிஞ்சுதுங்க. எல்லாரும் போயிச் சாப்புடுங்க."

"தெருவுல நாப்பத்திரண்டு ஊடாச்சே?" என்றார் சரசக்கா. ஒரு வருடம் கழித்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "உங்க ஊடு எங்கீங்க ஃபிட்டரண்ணா?"

கலெக்டர் நோட்டைத் திறந்தார். முதலிலிருந்து புரட்டினார். கடைசியிலிருந்து புரட்டினார். காதுப் பென்சிலை எடுத்தார், திரும்பச் சொருகினார். சமையல் கமிட்டியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் நம்பர் போட்டீங்களே, நம்ம ஊட்டுக்குப் போட்டீங்களா?"

ஆற்றை ஒட்டிய கடைசி வீடு அது. பின்சுவர் முழுக்க ஆற்றோடு போயிருந்தது. உள்ளே சேறு ஐந்து நாள் வெயிலில் காய்ந்து, அன்று என் கடையில் கிடந்த மாதிரியே கல்லாகக் கிடந்தது. கட்டில், ட்ரங்குப் பெட்டி, இருபது வருடம் சேர்த்த ஸ்பானர்கள், ஒன்றிலும் நம்பர் இல்லை. ஒன்றும் திரும்பி வரவில்லை. கலெக்டர் வாசற்படியில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார்.

விசில் என் கையில் இருந்தது. சரசக்கா காதருகே வந்து, "ஊதுனீன்னா பாத்துக்கோ" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, கடப்பாரையோடு முதல் ஆளாக உள்ளே போனார். பின்னாலேயே தெரு முழுக்கப் போனது.

வீட்டில் பாதிச் சேறு வெளியே வந்த பிறகுதான் அவர் தலையைத் தூக்கினார். சட்டென்று பதறி என் மணிக்கட்டைப் பிடித்தார். "சாமி, அரை மணி நேரம் ஆயிப்போச்சா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"இப்பத்தானுங்க அஞ்சு நிமிசம் ஆச்சு" என்றேன். "நீங்க அழுவுங்கண்ணா. நான் மணி பாத்துக்கறேன்."