இடது கைக்கு மட்டும்

மூன்றாவது மூட்டையையும் பிரித்துக் கொட்டிய பிறகுதான் பஷீர் அஹமதுவுக்கு வேர்த்தது. கொட்டிக் கிடந்த தோல் கையுறைகள் எல்லாவற்றிலும் கட்டைவிரல் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு கையுறை. அத்தனையும் இடது கை.

பதினெட்டு வருஷம் உழைத்த ஓசூர் கம்பெனி அவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதே கம்பெனி நடத்திய பழைய சாமான் ஏலத்தில் எடுத்த முதல் சரக்கு இது. ஒரே ஒரு உறையை மாட்டிப் பார்த்து, தோலில் மயங்கி, போட்டிக்கு ஆளே இல்லாத ஏலத்தில் தன் விலையைத் தானே இரண்டு முறை ஏற்றிக் கேட்டிருந்தார்.

கம்பெனி ஸ்டோர் கீப்பர் சென்றாயனுக்குப் போன் போட்டார்.

"வேலை செய்யறப்ப வலது கைதான பாய் முதல்ல கிழியும்? ஜோடியப் பிரிச்சு வலத குடுத்துருவோம். இடது மிஞ்சும். அதான் ஏலம்."

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக்கூடாதாப்பா?"

"பதினெட்டு வருசமா எங்கிட்ட வந்து வலத மட்டும் மாத்திக்கினு போனவரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மனைவி ரோஷன் பீ கூடத்தை எட்டிப் பார்த்தாள். "மூணு வாரத்துல அஸ்மத்தப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. பொண்ணோட அத்தாவுக்கு என்ன தொழில்னு கேட்டா, ஒத்தக் கை யாவாரம்னு சொல்லட்டுங்களா?"

அதுதான் அவருக்கும் உறுத்தியது. மகளைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வேலை போன மனுஷனாக உட்கார அவருக்கு மனமில்லை. வியாபாரியாக உட்கார வேண்டும். உட்காரக் கூடமும் காலியாக வேண்டும்.

வழி சொன்னவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம்தான் இன்டர்நெட் சென்டர் திறந்திருந்த கிருஷ்ணப்பன். "எல்லாரும் விக்கறத நீங்களும் வித்தா எவன் பாய் வாங்குவான்? உலகத்துல கொஞ்சம் பேருக்கு மட்டும் வேணும், ஆனா எவனும் விக்கல. அப்பிடி ஒண்ணப் புடிக்கணும்."

பஷீர் எழுந்து நின்றுவிட்டார். "இடதுகைக்காரன்! பத்துல ஒருத்தன் இருக்கானே. அவனுக்கு எந்த உற முதல்ல கிழியும்?"

"அய்யோ தேவ்ரே! இடது!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான் கிருஷ்ணப்பன்.

அன்றைக்கே இணையத்தில் ஒரு பக்கம் தயாரானது. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அடியில் ஓர் எண் காட்டும். முதல் வாரக் கடைசியில் அது ஒன்பது காட்டியது.

"அந்த ஒம்போதும் நீங்கதான் பாய். தெறக்கற ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு ஏறும்."

பஷீர் பஸ்ஸைக்கூட மறந்து வீட்டுக்கு நடந்தே போனார்.

அடுத்த திங்கட்கிழமை எண் நூற்று நாற்பது. புதன்கிழமை முந்நூற்றுப் பத்து.

"யாரு கிருஷ்ணப்பா இவங்கல்லாம்?"

"யாரோ பாக்கறாங்க பாய்," என்று கிருஷ்ணப்பன் சுத்தமாக இருந்த மானிட்டரைத் துடைத்தான்.

பார்த்தார்களே ஒழிய ஒருவரும் வாங்கவில்லை. சரக்கு குறைவென்று பெரிய ஆட்கள் தயங்குகிறார்கள் என முடிவுகட்டிய பஷீர், சூளகிரி போய் இரண்டு கம்பெனியின் இடதுகளை அள்ளி வந்தார். மூட்டைகள் கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைந்தன. அப்படியும் ஆர்டர் வராததால் விலையைப் பாதியாக்கினார். இவ்வளவு மலிவா என்று சந்தேகப்படுவார்களோ எனப் பயந்து, மறுநாளே இரண்டு மடங்காக்கினார்.

"ஆர்டர் வந்துச்சுங்களா?" என்றாள் ரோஷன் பீ.

"ஜெர்மனிக்காரன் யோசிச்சுதான் வாங்குவான்."

"அவன் யோசிக்கட்டும். கொழம்புச் சட்டி எந்த மூட்டைக்குப் பின்னாடி கீதுன்னு நீங்க யோசிங்க." திட்டி முடித்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள்: "இன்னிக்கு நம்பரு எத்தன?"

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், எண் ஆயிரத்தைத் தாண்டியது. இனிமேல் போட்டிக்கு எவனும் வந்துவிடக் கூடாது. பஷீர் ஐந்து கம்பெனிகளுக்கு ஏறி இறங்கினார். பிறகு ஒரு கிலோ மைசூர்பாகோடு சென்டருக்குள் நுழைந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு அஞ்சு கம்பெனி இடதும் நமக்குத்தான்! கையெழுத்துப் போட்டுட்டன். வாயத் தெற!"

கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தான். மைசூர்பாகு உள்ளே போன பிறகும் அது மூடவில்லை.

"என்னப்பா முழிக்கற? இன்னிக்காவது ஒழுங்கா சொல்லு. யாரு அந்த ஆயிரம் பேரு?"

கிருஷ்ணப்பன் மைசூர்பாகைக் கையில் எடுத்துவிட்டான்.

"இங்க எட்டு கம்ப்யூட்டர்ல எவன் வந்து ஒக்காந்தாலும் உங்க பக்கந்தான் முதல்ல தெறக்கும் பாய், நாந்தான் அப்பிடி வெச்சன். உங்க வீட்டு அக்காதான் வந்து, 'அந்த நம்பரு ஏறலன்னா மனுசன் சோத்துலயே கை வெக்க மாட்டேங்கறாரு, எப்பிடியாச்சும் ஏத்தி வுடு தம்பி'ன்னு அழுதாங்க!"