தெருப்பக்கம் ஓடிய குமிழி

"அப்பா பஸ் ஏறிட்டாராம்!" என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தபோது, கம்பவுண்டரின் இடது கையில் மூடி கழற்றிய கைக்கடிகாரம் இருந்தது. வலது கையில் ஊசி போடும் சிரிஞ்சு. அது நிறையத் தையல் மிஷின் எண்ணெய்.

கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்ட கடிகாரம் அது. மனிதர் எப்போது வந்தாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். இன்றைக்கு இன்னொன்றையும் பார்க்க வருகிறார். கம்பவுண்டர் லீவு போட்டு, வெயிலில் நின்று, செங்கல் செங்கலாகத் தட்டிப் பார்த்துக் கட்டிய புது வீடு.

இந்த நேரத்திலா அந்த வீடியோ கண்ணில் பட வேண்டும்! பேட்டரிக் கடிகாரத்துக்குள் எண்ணெயை நிரப்பினால் கண்ணாடி இருப்பதே தெரியாதாம். முள்ளும் எண்களும் மேலே மிதந்து வந்த மாதிரி நிற்குமாம்.

நிரப்பினார். அப்படியே நின்றன. கம்பவுண்டர் பெருமையோடு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் கண்ணாடிக்கடியில் கடுகளவு காற்றுக் குமிழியைக் கண்டார்.

"இவ்வளவு பண்ணிட்டு ஒரு கடுகுக்காக விடறதா?"

மறுபடி திறந்து எண்ணெய் ஏற்றி மூடியை அழுத்தினார். உள்ளிருந்த ரப்பர் வளையம் பிதுங்கியது. எண்ணெய் பீறிட்டு, மனைவியிடம் தைக்க வந்திருந்த பட்டுத் துணியில் விழுந்தது.

"ஐயையோ, அது நாளைக்குக் குடுக்க வேண்டியதுங்க! எண்ணெயையும் காலி பண்ணிட்டீங்களா? என் மிஷின் இனிமே எதுல ஓடும்?"

"சும்மா இரு. சூடு காட்டினா காத்து தானா வெளியே போயிடும்."

வெந்நீரில் போட்டார். வெளியே போனது எண்ணெய்தான். ஆறிய பிறகு பார்த்தால் கடுகு பட்டாணியாகியிருந்தது.

சரி, நடுவிலாவது நின்றால், புது மாடல் என்று சொல்லிச் சமாளிக்கலாம். மேஜைமேல் வைத்தார். குமிழி தெருப்பக்கமாக ஓடியது. கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். அப்போதும் தெருப்பக்கம்தான். ஜன்னல் திட்டில் வைத்தாலும் தரையில் வைத்தாலும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி தெருவைப் பார்த்தே ஓடியது. மின்விசிறியைக்கூட நிறுத்திப் பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள எங்கேங்க காத்தடிக்குது?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?" அவர் குரல் உடைந்தது. "உங்கப்பா வந்ததும் கையைத்தான் பிடிப்பாரு. நான் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்கறது?"

எண்ணெய் கசிவதையாவது நிறுத்தலாமென்று, பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூட்டி வந்தார்.

"தண்ணித்தொட்டி விரிசலுக்குப் பூசுவீங்களே, அந்தப் பசையில கொஞ்சம் இதுல வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கொத்தனார் கடிகாரத்தை வாங்கிக் கூடத்துத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். பசையை எடுக்கவில்லை. அடுப்படியில் வைத்துப் பார்த்தார். படுக்கையறையிலும் வைத்துப் பார்த்தார்.

"விளையாடாதீங்க மேஸ்திரி, வந்துடுவாரு!"

கொத்தனார் தெருவுக்கு இறங்கிப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டை அண்ணாந்து பார்த்தார். கம்பவுண்டர் அழாத குறையாகப் பின்னாலேயே ஓடினார். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

"எங்கே மாப்பிள்ளே, கையைக் காட்டுங்க!" என்றபடி மாமனார் இறங்கினார்.

கம்பவுண்டர் வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கொத்தனார் கடிகாரத்தை அந்தக் கைக்குள் மெதுவாக வைத்து, காதோரம் சொன்னார்:

"சார், பெரியவரை உள்ளே கூப்பிடாதீங்க. கடிகாரத்துல ஒரு குத்தமும் இல்லை, குமிழி உசந்த பக்கம்தான் ஓடும். வீடுதான் பின்பக்கமா இறங்கிட்டிருக்கு."