முதலெழுத்து முன்னாலா, பின்னாலா

கடைசி அட்டையை எழுதி முடித்த மறுநாள் புது உத்தரவு வந்தது. ஆசிரியர் பெயருக்கு முன்னால் முதலெழுத்து வரக்கூடாது, பின்னால்தான் வரவேண்டும்.

சீனிவாசகம் விருதுநகர்க் கிளை நூலகத்தில் ஆறு வருஷமாகத் தற்காலிக நூலகர். புத்தகப் பட்டியலைப் பேரேட்டிலிருந்து அட்டைக்கு மாற்றி முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாபீஸ் சொல்லியிருந்தது. முதலெழுத்து பின்னால்தான் வரவேண்டுமா என்று நடுவில் ஒரு கடிதம் போட்டிருந்தார்.

"அங்கன இருக்கவுகளுக்கு வேற சோலியே இல்லையா?" என்றாள் மனைவி பொன்னுத்தங்கம்.

"படிச்சவுக. யோசிச்சுத்தான் செய்வாக."

மூவாயிரத்து இருநூறு அட்டைகளையும் மறுபடி எழுத உட்கார்ந்தார். சிவகாசியில் தீபாவளி சீசன். எந்த அச்சகமும் வெற்று அட்டை நறுக்கித் தரவில்லை. பட்டாசு லேபிள் வெட்டி மிஞ்சிய துண்டுகளை வாங்கி வந்தார். இலக்கண நூலின் அட்டைக்குப் பின்னால் அரைச் சேவல் நின்றது. பக்கத்துக் கிட்டங்கியில் அடுக்கியிருந்த மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மித் தும்மி மை சிதறியது.

நடுவில் ஒரே ஆசிரியர் மூன்று புனைபெயர்களில் வந்தார். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டையா என்று சீனிவாசகம் மேலாபீசுக்குச் சந்தேகம் கேட்டு எழுதினார்.

"நீங்களா முடிவு பண்ணுனா என்ன?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"கேட்டுச் செஞ்சா குத்தம் வராது."

உத்தரவு வந்தது: புனைபெயர் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. மறுபடி எழுதினார். அடுத்து, கம்பியில் கோக்க அட்டையின் அடியில் துளை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று உத்தரவு வந்தது. கோணி ஊசியால் குத்தினார். துளை புத்தக எண்ணின் நடுவே விழுந்தது. அதற்கும் ஒரு கடிதம் போட்டார். எண்ணை மேலே மாற்றி எழுதச் சொல்லி உத்தரவு வந்தது.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு எழுந்தார்கள். "வேலை நிரந்தரமானதும் சொல்லி அனுப்புங்க." அன்றிலிருந்து பொன்னுத்தங்கம் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

மார்கழியில் மேலாபீஸ் குமாஸ்தா தனுஷ்கோடி என்பவர் ரயிலில் வந்து இறங்கினார். அட்டைக் கட்டுகளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"இன்னும் எம்புட்டு பாக்கி?"

"நானூறு. வேற உத்தரவு வராம இருந்தா தையில முடிஞ்சிரும் அண்ணாச்சி."

குமாஸ்தா டீயை உறிஞ்சினார். சீனிவாசகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அங்கன இந்த அட்டை முறை தெரிஞ்ச பெரியவர் யாரு? ஒரு தடவை நேர்ல வந்து கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன்."

"அப்படி ஒருத்தரும் இல்லையே. நீங்க சந்தேகம் கேட்டு எழுதுறீகள்ல, அதுல கேள்விக்குறிய மட்டும் எடுத்துட்டு, உத்தரவுன்னு டைப் அடிச்சு ஜில்லா பூரா அனுப்பிக்கிட்டு இருக்கோம்."