பாயிண்ட் சாருக்கு வராத வலிப்பு

மயிலாப்பூரில் மூச்சு விடுவதைக்கூட எண் போட்டு விட்ட ஒரே மனிதர் பாயிண்ட் சார்தான். இருபத்துநான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவக் கடிதங்களில் ஒவ்வொரு பாராவுக்கும் எண் உண்டாம். அந்தப் பழக்கம் அவர் நாக்கிலும் ஏறிவிட்டது.

காபிக் கடையில் போய் விறைப்பாக நிற்பார். "ஒண்ணு: காபி. ரெண்டு: சர்க்கரை வேணாம். மூணு: ரெண்டாவது பாயிண்டை மறந்துடாதே."

தெருநாய் வழியை மறித்தாலும் அதே முறைதான். "ஒண்ணு: நகரு. ரெண்டு: கடிக்காதே." எங்கள் தெரு நாய் முதல் பாயிண்டை ஒருநாளும் ஏற்றதில்லை. இரண்டாவதை மட்டும் மதித்தது.

தொண்ணூறுகளில் கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். ஒருநாள் காலை அவர் கையால் துழாவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"மனு ஒண்ணு அடிக்கணும்மா. சப்ஜெக்ட்: எனக்கு வலிப்பு இல்லை."

"இல்லாத வியாதிக்கு எதுக்கு சார் மனு?"

"இருக்குன்னு எழுதி வெச்சிருக்காங்களே!"

நடந்தது இதுதான். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்காக ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். டாக்டர் அவருடைய பழைய மருத்துவப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வலிப்பு வரும்னு போட்டிருக்கே. கண்ணுல கத்தி வெக்கிற நேரத்துல வந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். இவர் சிரித்திருக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை. மலை மேல் ஒரு முகாமில் இவர் வலிப்பு வந்து மயங்கி விழுந்ததாகவும், கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகவும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

அந்த டாக்டர் நல்லவர், வழியும் சொன்னார். நரம்பு டாக்டர் ஒருவரிடம் 'இப்போது வலிப்பு இல்லை' என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்தால் போதும், ஆபரேஷன் செய்துவிடலாம்.

பாயிண்ட் சார் எழுந்து வந்துவிட்டார்.

"இப்போ இல்லைன்னு எழுதினா, அப்போ இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? இருபத்துநாலு வருஷத்துல ஒருநாள்கூட விழுந்தவன் இல்லம்மா நான். அடி."

அடித்தேன். வடக்கே இருந்த ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு முதல் மனு போனது. பதில் வர நான்கு மாதம் ஆனது. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' இரண்டாவது மனு போனது. அதற்குள் அவர் கண்ணில் பனி இன்னும் இறங்கிவிட்டது. ஒருநாள் நான் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், சுவரில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்தபடி இரண்டு பாரா டிக்டேட் செய்து முடித்திருந்தார்.

"எங்கே, படிச்சுக் காட்டு" என்றார்.

சொல்ல மனம் வரவில்லை. "மறுபடி ஒருதடவை சொல்லுங்க சார், சரிபார்த்துக்கறேன்" என்றேன்.

அடுத்த வாரம் டெலிபோன்காரர்கள் தோண்டிப்போட்ட பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். மறுநாள் அவர் மனைவி கடைக்கு வந்தார். "நீயாவது எடுத்துச் சொல்லும்மா. ஒரு காகிதத்துக்காகக் கண்ணையே விட்டுடுவார் போலிருக்கு."

சொல்லிப் பார்த்தேன். பதிலுக்கு மூன்றாவது மனுவுக்குக் குறிப்பு கொடுத்தார்.

அந்தத் தடவைதான் ரெக்கார்ட் ஆபீஸ் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பியிருந்தது. பெயர், முதலெழுத்து, ராணுவ எண் எல்லாவற்றையும் நான் வாசிக்க, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். எண்ணின் கடைசியில் நின்றேன். அவர் எண்ணில் இருப்பதைப் போலவே பதினாறு என்று இருந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால் அதன் கீழே வேறு எண் அழிந்திருந்தது. முதலில் அறுபத்தொன்று என்று அடித்து, அதன் மேலேயே யாரோ பதினாறு என்று திருத்தியிருக்கிறார்கள்.

"சார், இது எங்க தொழில்ல தினமும் நடக்கிற தப்பு. ஆறும் ஒண்ணும் முன்னபின்ன மாறிப்போகும். சரியா அடிச்சதைத் தப்புன்னு நினைச்சு மாத்தியிருக்காங்க. அறுபத்தொண்ணுன்னு யாராவது இருந்தாங்களா?"

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார். "இருந்தான்" என்றார்.

ஒரே நாளில் சென்னையில் ஆள் எடுத்தபோது சேர்ந்தவர்கள். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து. அதனால் படைப்பிரிவில் ராணுவ எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் பெயர்: இவர் பதினாறு, அவர் அறுபத்தொன்று. மலை முகாமில் ஒருநாள் அறுபத்தொன்று சமையல் கொட்டகையில் விழுந்தார். கீழே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை, ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

"அவன் வியாதி என் ஃபைல்ல இருக்குன்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அவன் ஃபைல்ல என்னம்மா இருக்கும்?"

மறுநாளே அறுபத்தொன்றைத் தேடி இருவரும் பஸ் ஏறி சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனோம். தெருப்பெயர் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. விசாரித்து விசாரித்து, கூவத்தை ஒட்டிய ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயத் தழும்பு.

"பதினாறா?" என்று கேட்டபடி எழுந்தார்.

பாயிண்ட் சாருக்கு முகம் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் இரண்டு கையையும் நீட்டினார்.

விஷயத்தைக் கேட்டதும் அறுபத்தொன்றின் மனைவிதான் முதலில் பேசினார். "இன்னா சார் சொல்றே? பட்டாளத்துல வந்த சீக்குன்னு இது தலபாடா அடிச்சுக்கினு கீது. போய்க் கேட்டா, ஒன் பேப்பர்ல ஒரு சீக்கும் இல்லேன்னு தொரத்திட்டாங்கோ. மருந்து கெடையாது, ஒண்ணும் கெடையாது. அடுப்பு மேல வுழுந்து கை வெந்துச்சு. அப்பக்கூட எங்கம்மா, குடிச்சிட்டு வுழறான்னு சொல்லிச்சு சார். நானே ரெண்டு தபா வாய மோந்து பாத்துக்கீறேன்."

அறுபத்தொன்று தலையைக் குனிந்துகொண்டு விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் எண் மாறிப்போனதைக் காட்டி நான்காவது மனு அடித்து அனுப்பினோம்.

அடுத்த மாதமே ரெக்கார்ட் ஆபீசிலிருந்து நல்ல செய்தி வந்தது. 'பதிவு தவறென்று தெரிகிறது. தாங்கள் சம்மதக் கையெழுத்திட்டு அனுப்பினால் அந்தப் பக்கம் நீக்கப்படும்.' ஒன்றரை வருஷமாக அவர் கேட்டது அதுதான். நான் சந்தோஷமாகப் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்" என்றார்.

"ஏன் சார்?"

"அதைக் கிழிச்சுட்டா அறுபத்தொண்ணுக்கு வேற சாட்சியே கிடையாதும்மா. அவன் ஃபைல்ல ஏத்தின பிறகு என்னோடதுல எடுக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு வலிப்பு இருந்துட்டுப் போகட்டும்."

கண்ணைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போனேன். "நான் மழைக்கோட்டோட பேசினா ஊரே சிரிக்கும், அவ்வளவுதானே? அவனை இருபது வருஷமா குடிகாரன்னு சொல்லிட்டிருக்காங்க" என்றார். அப்போது அவருக்குப் பின்னால் அந்தக் கோட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

பிறகு நடந்த கடிதப் போக்குவரத்தில் என் மெஷினின் ரிப்பன் இரண்டு முறை தேய்ந்தது. இருவரின் கைரேகை, பழைய புகைப்படம், கூட இருந்தவர்களின் சாட்சிக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், ஒவ்வொன்றாக அனுப்பினோம். அந்த எட்டு மாதத்தில் பாயிண்ட் சார் வீட்டிலிருந்து கடைக்கு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார். அந்த அம்மாள் அதன் பிறகு ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. அவரும் ஒருதடவை சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

கடைசியில் ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில் அந்தப் பதிவு பதினாறிடமிருந்து நீங்கியிருந்தது. மற்றதில் அறுபத்தொன்றிடம் போய்ச் சேர்ந்திருந்தது; பணியில் இருந்தபோது வந்த நோய் என்ற குறிப்போடு. இரண்டாவதை அவர் மூன்று முறை படிக்கச் சொன்னார். முதலாவதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அறுபத்தொன்றின் மனைவி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் போனது ஆஸ்பத்திரிக்கு அல்ல, தன் அம்மா வீட்டுக்கு. அதற்கு அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் தடவையாக மருந்து வாங்கினார்கள்.

பாயிண்ட் சாரின் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கறுப்புக் கண்ணாடியெல்லாம் கழற்றிய பிறகு, ஒருநாள் காலை தனியாகவே நடந்து வந்தார். கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு பதற்றம்.

"அடடா, உங்களுக்குத் தலையெல்லாம் நரைச்சிருக்கே! குரலைக் கேட்டு சின்னப் பொண்ணுன்னு நினைச்சுட்டேன். இத்தனை நாளா வா, போ, அடின்னு பேசிட்டேனே. மன்னிச்சுக்கணும் மேடம்."

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த ஊரில் என்னை உரிமையோடு 'நீ' என்று சொல்ல வேறு யாரும் மிச்சமில்லை.

"பழையபடியே பேசுங்க சார்" என்றேன்.