முணுமுணுக்க இடமில்லாத வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் அந்தக் குளிரில் காதும் கழுத்தும் மூடி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், உன் அத்தான் நலம், என் மாமியார் எங்கள் இருவரையும் விட நலம். எங்கள் எல்லோரையும் மிஞ்சிய நலத்தில் இருப்பது நீ விட்டுச்சென்ற வண்டிதான்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "நாங்க புதுசா செஞ்ச வண்டி, ரெண்டு மாசம் வச்சுப் பாருக்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கிட்டே இருக்கோம். நீதான் எதையும் லேசுல நம்பமாட்ட. உள்ளதை உள்ளபடி எழுது" என்றாய். உள்ளபடியே எழுதுகிறேன். ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போ. தபாலுக்குப் பொறுக்காமல் இதைப் படமெடுத்தே அனுப்புகிறேன்; வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வண்டி போய்விட்டால் உனக்குப் புண்ணியம்.

நியாயமாகச் சொன்னால் வண்டியில் குற்றம் இல்லை. ஒரு பெட்ரோல் இன்ஜின், ஒரு மின்சார மோட்டார், எப்போது யார் இழுப்பது என்று அவை தமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் இத்தனை ஒற்றுமையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பிரேக் போட்டால் வீணாகப் போகிற வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குள் போட்டுக்கொள்கிறது. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைக்கும் நம் அம்மா நினைவுக்கு வந்தாள். அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு, மிதித்தால் பாய்கிறது பார், முதல் நாள் மாமியாரின் மடியிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு பின்னால் பறந்து போய் இன்னும் அகப்படவில்லை. காற்றில் தாங்கி நிற்கும் சக்கரங்களாமே. எங்கள் தெருமுனை வேகத்தடையை அது தாண்டியது எங்களுக்குத் தெரியவில்லை. உன் அத்தான் வண்டியை நிறுத்திவிட்டு, வேகத்தடையைப் பெயர்த்துவிட்டார்களா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

குற்றம் உன்னுடையது. சத்தத்தைத் தேடித் தேடி ஒழிப்பதுதானே உன் உத்தியோகம்? சின்ன வயதிலும் அப்படித்தான். படிக்கும்போது மின்விசிறி கடகடக்கிறது என்று அதை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்த எல்லோரையும் வேர்க்கவிட்டவன் நீ. இப்போது இரட்டைக் கண்ணாடி வைத்தாய், கதவுக்குள் பஞ்சு வைத்தாய், அதற்கும் தப்பி வருகிற சத்தத்தை எதிர்ச்சத்தம் போட்டு அடிக்க ஒலிபெருக்கி வைத்தாய். இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து இத்தனையும் செய்தீர்களே, வண்டிக்குள் இருக்கிறவர்கள் அந்தச் சத்தத்தை எதற்காவது பயன்படுத்தி வந்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எங்கள் பழைய வண்டி உனக்கு நினைவிருக்கும். நிறுத்த இடமில்லை என்று உன் வண்டி வந்த வாரமே விற்றுவிட்டோம். அது கிளம்பினால் கதவு ஒரு பக்கம் பேசும், கண்ணாடி ஒரு பக்கம் பேசும், இரண்டாவது கியரில் இன்ஜின் இருவருக்கும் பதில் சொல்லும். நான் வாய் திறவாதவள் என்று நம் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றித் தந்தது அந்த வண்டிதான். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் அதற்குள் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டளவில் சொல்லிவிடுவேன். உன் அத்தானும் அப்படியே; ஸ்டியரிங்கைப் பார்த்து அவர் உதடும் அசையும். பல் வைத்தியர் அல்லவா, எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையில்தான் அவருக்குப் பேச்சு வரும். வீடு வந்து இறங்கும்போது இருவருக்கும் மனம் இலேசாக இருக்கும். பின்னால் மாமியார். அவருக்குக் காது மந்தம் என்று நாங்களே முடிவு செய்திருந்ததால் அந்தப் பக்கம் கவலை இல்லை.

உன் வண்டியில் முதல் பயணம். நான் ஏறி உட்கார்ந்தேன். உன் அத்தான் வழக்கம்போல உதட்டுக்குள், "இவ கிளம்பறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றார். மணியடித்தாற்போல் கேட்டது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் பதறிப்போய், "யாரு பேசினது?" என்றார்.

"நீதான்டா பேசின" என்றது பின்சீட்டு. "வண்டின்னா இப்படி இருக்கணும். பழைய வண்டில நீங்க ரெண்டு பேரும் வாயை மட்டும் அசைச்சுக்கிட்டே வருவீங்க. எனக்குத்தான் காது போயிடுச்சோன்னு நெனச்சு நெனச்சு மருகிப்போனேன்!"

வீடு போய்ச் சேரும் வரை, இத்தனை வருடமாக மாமியார் காதுக்கு எட்டாது என்று நினைத்துச் சாப்பாட்டு மேசையில் பேசியதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

பிறகு அந்தப் பெண். ஸ்டியரிங்கில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு பொத்தான் வைத்து, அது பட்டதும் செய்தி வாசிப்பவள் போல ஒருத்தியைப் பேசவிட்டிருக்கிறாயே, அவளைச் சொல்கிறேன். போன வாரம் நெரிசலில், நான் வழி சொன்னது பிடிக்காமல் உன் அத்தான் என்னைப் பற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லியிருக்கிறார். கட்டைவிரல் பொத்தானில். அவள் மரியாதையாக, "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றாள்.

உன் அத்தான் சாலையைப் பார்த்தார்.

"சொல்லேன்டா, கேக்குதுல்ல" என்றார் மாமியார். "பொண்ணு பாவம், எவ்வளவு தன்மையா கேக்குது."

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். பேட்டரியில் ஓடும்போதுதான் இந்தக் கல்லறை அமைதி. மேடு ஏறினாலோ அழுத்தி மிதித்தாலோ பெட்ரோல் இன்ஜின் விழித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தேன். நீ எவ்வளவு அடைத்தும் ஒரு மெல்லிய உறுமல் மிஞ்சுகிறது. மேம்பாலம் ஏறி முடிப்பதற்குள் ஒரு சின்ன மனக்குறையைச் சொல்லி முடிக்கலாம். இதை உன் அத்தானும் கண்டுபிடித்தார். என் உதடு குவிவதைப் பார்த்தால் காலை எடுத்துவிடுவார், இன்ஜின் நின்றுவிடும். அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மிதிப்பார். நல்ல சமதளச் சாலையில் வண்டி பாய்வதும் பதுங்குவதுமாகப் போனது. "ஏன்டா வண்டிக்கு விக்கல் எடுக்குது, தண்ணி கிண்ணி ஊத்தணுமா?" என்று மாமியார் கேட்டார். "பெட்ரோல் சிக்கனம்மா" என்றார் உன் அத்தான். மின்சாரத்தில் ஓடுகிறது என்று காட்டப் பச்சை விளக்கு எரியுமே, அது எரிந்தால் நாங்கள் மூவரும் பரீட்சைக் கூடத்தில் உட்கார்ந்ததுபோல் இருப்போம்.

சரி, சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

மேலாற்றங்கரை ஊரில் எங்கள் இலாகா புதிதாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் திறக்கிறது. அதற்கு என்னைத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இத்தனை காலம் யாராவது குப்பியில் பிடித்து அனுப்பும் தண்ணீரைப் பார்த்தே காலம் ஓடிவிட்டது. இப்போது ஆற்றங்கரையிலேயே போய் உட்காரலாம். போக வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை உன்னிடம்தான் எழுதுகிறேன். வீட்டில் சொல்லவில்லை. ஏனென்றால் பெரிய விஷயங்களை முதலில் நாலு தடவை பழைய வண்டியின் சத்தத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொல் வழவழப்பானதும் வீட்டில் சொல்வேன். அதுதான் என் முறை. முறையை நீ இரட்டைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மேம்பாலம் ஏறினோம். இன்ஜின் உறுமியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒத்திகையை ஆரம்பித்தேன்: புதுக் கூடம், தலைமைப் பொறுப்பு, எனக்குக் கிடைத்த மரியாதை. அதெல்லாம் ஏற்றத்தில் போய்விட்டது. பாலத்தின் உச்சியில் இன்ஜின் நின்றது. நான் நிற்கவில்லை. பச்சை விளக்கு வெளிச்சத்தில், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், என் குரல் தெளிவாகச் சொன்னது: "நான் போயிடறேன். இனிமே நீங்களும் அத்தையும் பாத்துக்குங்க."

உன் அத்தான் பாலத்தின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் என்ன ஹாரன் அடித்தார்களோ, உன் கைங்கரியத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் இறங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டி ஆட்டி வாயசைத்தார். எங்கள் பழைய வண்டிக்குள் நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்கம்மா போற?" என்றார் மாமியார்.

சொன்னேன். ஒத்திகை இல்லாமல், வழவழப்பு இல்லாமல், முழுவதும் சொன்னேன்.

"அட, இவ்வளவு நல்ல விஷயத்தை ஏம்மா பாலத்துமேல வந்து சொல்ற?" என்றார் அவர். உன் அத்தான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கியரைப் போட்டார். வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுகூடப் பரவாயில்லை, தம்பி. உதடு அசையவில்லை. காலையில் என்னை வேலைக்குக் கொண்டுவிடும்போது ஓரக்கண்ணால் பார்க்கிறேன். மேம்பாலம் ஏறும்போதும் அசையவில்லை. நாள் முழுக்க ஊரையெல்லாம் "வாயைத் திறங்க" என்று சொல்கிற மனிதர். ஒரு குப்பித் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கோபமா, வருத்தமா, நான் போனால் நிம்மதியா? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வரமாட்டேன் என்று இலாகாவுக்குச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு போ. எங்கேயாவது கடகடக்கிற வண்டி ஒன்றைப் பிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் அவரை அதில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினால் வாயிலிருப்பதைக் கக்கிவிடுவார். உன் அடுத்த மாதிரிக்கு என் ஒரே யோசனை: குளிருக்கும் பாட்டுக்கும் வைத்திருப்பதுபோல் சத்தத்துக்கும் ஒரு திருகு வை. குறைவு, நடுத்தரம், குடும்பம் என்று மூன்று அளவு போதும்.

வேளைக்குச் சாப்பிடு. உன் மனைவிக்கு என் அன்பு. உலகத்துச் சத்தமெல்லாம் உன் கைக்கு அடங்கட்டும், உன் வீட்டில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கட்டும்.

இப்படிக்கு, வாய் திறவாதவள் என்று பெயரெடுத்த
உன் அக்கா

பி.கு.: ஆள் அனுப்பாதே. இந்தக் கடிதத்தை நிறுத்தியிருந்த உன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். மிக்ஸி சத்தமும் தொலைபேசிச் சத்தமும் எட்டாத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டதும் பேனா மூடி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். மாமியாரின் கண்ணாடிக் கூடும் அகப்பட்டது. அந்த நேரம் பார்த்து, நான் பின்னால் குனிந்திருப்பது தெரியாமல் உன் அத்தான் முன்கதவைத் திறந்து ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "நீ போ. அம்மாவை நான் பாத்துக்கறேன். வாரா வாரம் வந்துடுவேன். நீ இல்லன்னா நான் யாரைப் பத்திம்மா முணுமுணுக்கிறது?" என்றார்.

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்றாள் அந்தப் பெண்.

அவர் மீண்டும் சொன்னார். கொஞ்சம் உரக்க. அவளுக்கு அப்போதும் புரியவில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது சொல் நன்றாக வழவழப்பாகிவிட்டது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவருக்கு உயிர் வந்ததும் இருவருமாகப் போய் மாமியாரிடம் சொன்னோம். போகிறேன் என்று நாளைக் காலையிலேயே பதில் சொல்லிவிடுவேன். மேலாற்றங்கரை வரை பாதி வழி மலையேற்றமாம், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்குமாம். உன் அத்தான் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரிடமும் நிறையச் சேர்ந்துவிட்டது. என்னைக் கொண்டுவிட மாமியாரும் வருகிறார். "யாரு முணுமுணுக்கறதாவது உங்களுக்குள்ள கேக்காம போச்சுன்னா, நான் எடுத்துச் சொல்றேன்" என்கிறார்.

அந்தத் திருகு வேண்டாம்.